பீப்ஸின் வாய்ப்பாடும் எலிசபெத்தின் கடிதமும்

இன்னிக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளணும். என் போனில் பழக்கங்களைக் குறித்துவைக்கிற ஆப் ஒன்று இருக்கு. தினமும் இருபது பக்கம் வாசிப்பு, அரை மணி நேரம் கிட்டார், வாரத்தில் மூணு நாள் ஓட்டம், கூடவே ஒரு புது மொழி. ஜனவரி முழுக்கக் கட்டமெல்லாம் பச்சையாக இருந்தது. மார்ச் வந்தப்போ கிட்டார் பீரோ மேல ஏறிடுச்சு. உங்க மெயில்கள்லயும் அடிக்கடி வர்ற கேள்வி இதுதான்: வேலைக்கும் போய்க்கிட்டு, படிப்பு, பாட்டு, உடம்பு எல்லாத்துக்கும் நேரம் எப்படி ஒதுக்குறது?

நான் வரலாறு பேசுற ஆள். நேரத்தை நிர்வாகம் பண்ணச் சொல்லித்தர எனக்குத் தகுதி கிடையாது, அதை என் கிட்டாரே சொல்லும். ஆனா இதே மாதிரி ஒரு பட்டியலை வச்சுக்கிட்டு 1660-களில் லண்டனில் ஒருத்தர் அல்லாடியிருக்கார். அல்லாடினதை ஏறக்குறைய ஒவ்வொரு நாளுக்கும் எழுதியும் வச்சிருக்கார். பெயர் சாமுவேல் பீப்ஸ். 1660 ஜனவரி 1-ஆம் தேதி ஆரம்பித்த டைரி, 1669 மே 31-ஆம் தேதி முடிகிறது. ஆறு தொகுதி, பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகமான சொற்கள். பெரும்பாலும் சுருக்கெழுத்து.

லண்டனில் பிளேக் வந்தது 1665-ல், நகரமே எரிந்தது 1666-ல். பீப்ஸ் என்றால் எல்லாரும் இந்த ரெண்டைத்தான் பேசுவாங்க. நான் இன்னிக்கு அதைத் தொடப்போறதில்லை. எனக்கு வேண்டியது அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம், 1662-ம் 1663-ம்.

பீப்ஸ் ஒரு தையல்காரரின் மகன். உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போய்ப் பட்டம் வாங்கினவர். எட்வர்ட் மாண்டேகு என்ற பெரிய இடத்துச் சொந்தக்காரர் மூலமாக 1660-ல் கடற்படை அலுவலகத்தில் பதவி கிடைத்தது. ஆண்டுக்கு 350 பவுண்டு சம்பளம், தங்க வீடு, வீட்டை ஒட்டியே ஆபீஸ். ஒர்க் ஃப்ரம் ஹோமுக்குப் பக்கத்தில் வர்ற ஏற்பாடுதான். ராஜாவின் கப்பல்களுக்கு வேண்டிய மரம், கயிறு, தார், பாய்மரத் துணி எல்லாம் வாங்குவது அந்த அலுவலகத்தின் வேலை.

லத்தீன் தெரியும், பிரெஞ்சு தெரியும், வயலும் லூட்டும் வாசிப்பார். பெருக்கல் வாய்ப்பாடு தெரியாது.

நம்மூர்ல ரெண்டாம் கிளாஸ் பிள்ளை ஒப்பிக்கிற விஷயம். ஆனா அந்தக் காலத்து இங்கிலாந்தில் கனவான் படிப்பு என்றால் லத்தீன், கிரேக்கம். கணக்கு என்பது கடைக்காரனும் மாலுமியும் கற்றுக்கொள்கிற சமாச்சாரம். அதனால் 29 வயசில், 1662 ஜூலை மாதம், 'ராயல் சார்ல்ஸ்' கப்பலில் வேலை பார்த்த கூப்பர் என்பவரை வாத்தியாராக வைத்துக்கொண்டார். முதல் பாடமே வாய்ப்பாடு. சில நாள் கழித்து எழுதுகிறார்: காலை நாலு மணிக்கே எழுந்து அதை உருப்போடுகிறேன், கணக்கிலேயே எனக்குக் கஷ்டமாக இருப்பது இது ஒன்றுதான் என்று.

'நாலு மணிக்கு எழு' என்று இப்போ யூடியூப்ல ஒரு கூட்டமே கத்திக்கிட்டிருக்கு. பீப்ஸ் எழுந்தது தன்னை மேம்படுத்திக்கொள்ளும் லட்சியத்தால் மட்டும் இல்லை. மர வியாபாரிகள் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது புரியக்கூட இல்லை. ஆகஸ்ட் மாதம் அந்தோணி டீன் என்ற கப்பல் கட்டும் நிபுணர் அவரை வால்தம் காட்டுக்குக் கூட்டிப்போய், வெட்டிய மரங்களைக் காட்டி, முழுச் சதுரமாக இல்லாத மரத்தை அளக்கும்போது கணக்கில் எப்படித் தில்லுமுல்லு நடக்கிறது, ராஜாவுக்கு எவ்வளவு நஷ்டம் என்று விளக்கினார். அடுத்த வருஷம் மரம் அளக்கிற ஸ்லைடு ரூல் ஒன்றையும் பீப்ஸ் வாங்கினார். நடந்துபோகும்போதே அதைக் கையில் வைத்துக்கொண்டு பழகினார். பொதுவாகவே ஆபீஸ் வேலையாகக் கப்பல் பட்டறைகளுக்கு நடந்துபோகும்போது புத்தகம் படிப்பது அவர் வழக்கம். நாம மெட்ரோல ஆடியோபுக் கேட்கிற மாதிரி வச்சுக்கோங்க, ஆனா அவர் கண்ணை எடுக்காம நடந்துக்கிட்டிருந்தார்.

ஆக, அந்தப் பட்டியலில் உருப்படியாக ஒட்டிக்கொண்டது கணக்கு. காரணம், மறுநாள் காலையிலேயே அது தேவைப்பட்டது. என் கிட்டார் இல்லைன்னா என் ஆபீஸ்ல ஒண்ணும் நிக்காது.

இன்னொரு பக்கம் சபதங்கள். 1661 டிசம்பர் 31-ஆம் தேதி டைரியில், ஒயினும் நாடகமும் இனி வேண்டாம் என்று சத்தியம் பண்ணியிருப்பதாக எழுதுகிறார். ஆமா, நியூ இயர் ரெசல்யூஷன். சபதங்களை எழுதிவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து வாசிப்பார். மீறினால் தனக்குத்தானே அபராதம், அந்தக் காசு ஏழைகளுக்கான உண்டியலுக்கு. ஒரு மாசம் போனதும் கணக்குப் பார்க்கிறார்: குடியை விட்டதில் வேலை நல்லா ஓடுகிறது, செலவு குறைந்திருக்கிறது, வெட்டிப் பேச்சில் போகும் நேரமும் குறைந்திருக்கிறது. நிஜமாவே பலன் இருந்திருக்கு.

ஆனா மனுஷன்தானே. 1663 அக்டோபரில் லண்டன் கில்டுஹாலில் ஒரு பெரிய விருந்து. ஒயின் தொடக்கூடாது. 'ஹிப்போகிராஸ்' என்று ஒரு பானம் வந்தது. அது என்ன? ஒயினில் சர்க்கரையும் லவங்கம் மாதிரி மசாலாவும் போட்டுச் செய்வது. பீப்ஸ் யோசித்துப் பார்த்து, என் அறிவுக்கு எட்டியவரை இது பல பொருள் சேர்ந்த கலவை, ஒயின் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டுக் குடித்தார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பத்து நிமிஷம் ஸ்ட்ரெட்ச் பண்ணிட்டு 'ஓட்டம்' கட்டத்தைப் பச்சை ஆக்கின ஆள் நான்.

சங்கீதத்தை மட்டும் அவரால் எந்தப் பட்டியலிலும் அடைக்க முடியவில்லை. பாட்டு எழுதக் கற்றுக்கொள்ள பெர்கன்ஷா என்ற ஆசிரியருக்கு ஐந்து வாரத்துக்கு 5 பவுண்டு கொடுத்தார், கொடுக்கும்போது மனசு அடித்துக்கொண்டது என்றும் எழுதினார். வேலையைக் கெடுத்துவிடும் என்று பயந்து சில சமயம் வாத்தியத்தைத் தொடாமலே இருந்தார். அப்புறம் திரும்பத் தொட்டார். 1666-ல் ஹேல்ஸ் என்ற ஓவியர் வரைந்த படத்தில் தான் மெட்டமைத்த பாட்டுத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உடம்பில் பளபளவென்று ஒரு 'இந்திய அங்கி'. அது வாடகைக்கு எடுத்தது.

மைக்ராஸ்கோப் கதையும் உண்டு. 1664 ஆகஸ்டில் 5 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு ஒன்று வாங்கினார். மறுநாள் அவரும் மனைவியும் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் எதையாவது பார்த்துவிட ரொம்ப நேரம் போராடினார்கள். அடுத்த ஜனவரியில் ராபர்ட் ஹூக்கின் 'மைக்ரோகிராஃபியா' வந்தபோது ராத்திரி ரெண்டு மணிவரை உட்கார்ந்து படித்தார். அதே வருஷம் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

இதுவரைக்கும் கேட்டா பீப்ஸ் நம்மில் ஒருத்தர் மாதிரித்தான் தெரிவார். நானும் பல வருஷம் அப்படித்தான் அவரைப் படித்தேன். இந்த எபிசோடுக்காகத் திரும்பப் புரட்டும்போது, டைரி தொடங்கின மாசத்திலேயே ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. 1660 ஜனவரி 16. பீப்ஸ் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே ராக்காவல்காரர் மணி அடித்து, ஒரு மணி ஆகிவிட்டது, குளிர் காற்று என்று கூவிப்போகிறார். பீப்ஸ் எழுந்து தூங்கப் போகிறார். அவர் மனைவியும் வேலைக்காரப் பெண்ணும் இன்னும் துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராத்திரி ஒரு மணிக்கு. அவர் எழுதின அந்த நேரத்தை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியே எனக்கு அதுவரை வரவில்லை.

மனைவி எலிசபெத். பிரெஞ்சுக்காரரின் மகள். கல்யாணம் ஆனபோது வயசு 15. குழந்தைகள் இல்லை. கணவருக்குக் கொஞ்சம் வசதி வந்தபிறகு துவைக்க, சமைக்க ஆட்கள் வந்தார்கள். எலிசபெத்தின் நாள் காலியாகிவிட்டது. பீப்ஸ் காலையில் ஆபீஸ், அப்புறம் காபி கடை, எக்ஸ்சேஞ்ச், பட்டறை, நண்பர்கள். இவருக்கு வீடு. துணைக்கு ஒரு தோழியை வைத்துக்கொடுங்கள் என்று கேட்கிறார். செலவு ஆகும் என்று இழுத்தடிக்கிறார் பீப்ஸ். கோபத்தில் எலிசபெத் எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதிக் கொடுக்கிறார். பீப்ஸ் அதைப் படிக்காமலே எரித்துவிடுகிறார்.

1663 ஜனவரி 9. மறுபடியும் அதே பேச்சு. எலிசபெத் வேலைக்காரியைக் கூப்பிட்டு, பெட்டியிலிருந்து காகிதக் கட்டை எடுத்துவரச் சொல்கிறார். எரித்த கடிதத்தின் நகல் மாதிரி ஒன்று அதில் இருக்கிறது. கணவரின் முகத்துக்கு நேராக அதை வாசிக்கிறார். தன் வாழ்க்கை எவ்வளவு ஒதுங்கிக் கிடக்கிறது, எவ்வளவு சலிப்பாக இருக்கிறது என்று. பீப்ஸே அன்றைக்கு எழுதுகிறார்: அதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் அது ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது, யார் கையிலாவது கிடைத்தால் படித்துவிடுவார்களே என்பதுதான் அவர் ஆத்திரம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. இந்த மனுஷன் தன் அசிங்கம், ஆசை, லஞ்சம், பொறாமை எல்லாத்தையும் தினமும் எழுதி வைக்கிறவர். ஆனா சுருக்கெழுத்துல. அதனால பயம் இல்லை. அந்தம்மா எழுதினது ஊருக்குப் புரியுற மொழியில.

கிழித்துப் போடு என்று கேட்டார், அப்புறம் கட்டளையிட்டார். அவர் மறுத்தார். பீப்ஸ் காகிதத்தைப் பிடுங்கினார், கட்டையும் பிடுங்கினார், ஒவ்வொன்றாக உருவி அவர் கண்ணெதிரே கிழித்தார். அந்தக் கட்டில் பீப்ஸ் எழுதின காதல் கடிதங்களும் இருந்தன, தன் சொத்தெல்லாம் மனைவிக்கு என்று எழுதிவைத்த உயிலும் இருந்தது. எலிசபெத் அழுதுகொண்டே வேண்டாம் என்று கெஞ்சினார். கிழித்ததை அள்ளிக்கொண்டு தன் அறைக்குப் போன பீப்ஸ், எரிக்கலாமா வேண்டாமா என்று தனக்குள் ரொம்ப நேரம் வாதாடினார். உயிலின் துண்டுகளையும் மனைவி வாசித்த அந்தக் கடிதத்தின் துண்டுகளையும் பொறுக்கித் தனியே எடுத்துவிட்டு, மற்றதை எரித்தார்.

சில வாரங்களில் ஆஷ்வெல் என்ற பெண் துணைக்கு வந்தார். கடிதம் வேலை செய்திருக்கு. வசந்தத்தில் எலிசபெத் நடனம் கற்க ஆரம்பித்தார், பெம்பிள்டன் என்பவர் ஆசிரியர். ஒரே நாளில் ரெண்டு வகுப்புகூட நடந்தது. அவருக்குத் தனக்கென்று ஒரு ஹாபி. பீப்ஸுக்குப் பொறாமை தலைக்கேறியது. பாதி நாளில் ஆபீஸை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எட்டிப்பார்த்தார். காலையில் மனைவி என்னென்ன உள்ளாடை உடுத்துகிறார் என்று படுக்கையில் படுத்தபடியே கண்காணித்துவிட்டு, அதற்கு வெட்கப்படுவதாகவும் எழுதினார். சில வாரத்தில் வகுப்பு முடிந்துபோனது. பீப்ஸின் சங்கீதத்துக்கு 5 பவுண்டு கொடுத்த அதே வீடுதான். அங்கே எழுந்த கேள்வி காசு மட்டுமா என்ன.

அந்த வருஷத்தில் நல்லதும் நடந்தது, அதையும் சொல்லணும். எலிசபெத்துக்கு ஒரு தனி அறை தயாரானது. செப்டம்பர் 5-ஆம் தேதி, அந்தப் படிப்பறையின் சுவர்களுக்கு அடிக்க பீப்ஸ் ஒரு சீட்டித் துணி வாங்கினார், 'சிண்ட்' என்று எழுதுகிறார். சாயத்தால் சித்திரம் எழுதின இந்தியப் பருத்தித் துணி. அந்தக் காலத்தில் லண்டன் போன சீட்டி, குஜராத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும்தான் அதிகம் போனது. எந்தக் கரைத் துணியோ, லண்டனில் ஒரு 22 வயசுப் பெண்ணின் சொந்த அறையில் அது சுவராக நின்றது என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கு.

அக்டோபரில் பீப்ஸ் அவருக்குக் கணக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். வாத்தியாருக்கே வாய்ப்பாடு வந்து ஒன்றே கால் வருஷம்தான் ஆகியிருந்தது. எலிசபெத் வேகமாகக் கற்றுக்கொண்டார். டிசம்பரில் பீப்ஸ் எழுதுகிறார்: கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் நன்றாகப் போடுகிறாள், வகுத்தலைச் சொல்லி இப்போதைக்குச் சிரமப்படுத்த வேண்டாம், பூகோள உருண்டையைத் தொடங்கலாம். அந்தக் குளிர்கால ராத்திரிகளில் ரெண்டு பேரும் உருண்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது, அதை மறைக்காமல் எழுதுகிறார். எனக்கும் படிக்கப் பிடிக்கிறது. ஆனா அந்த வகுத்தல் என்னை விடமாட்டேங்குது. போதும் என்று முடிவு பண்ணினது யார்?

அதே குளிர்காலத்தில் இன்னொன்று. 1664 பிப்ரவரி 2-ஆம் தேதி, வாரன் என்ற பெரிய மர வியாபாரி, உங்க மனைவிக்கு என்று ஒரு ஜோடி கையுறையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கனமாக இருந்தது. பீப்ஸ் வீட்டுக்கு வந்து, மனைவியை எப்படியாவது அறையைவிட்டு வெளியே அனுப்பத் தவியாய்த் தவித்தார். அவர் போனதும் பிரித்துப் பார்த்தால், வெள்ளைக் கையுறையோடு 40 தங்கக் காசுகள். மர வியாபாரிகளிடம் ஏமாறக்கூடாது என்று வாய்ப்பாடு படித்தவர்தான்.

அதன்பிறகும் எலிசபெத் விடவில்லை. 1665-ல் ஓவியம் கற்றார், பீப்ஸ் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார். பாட்டுக் கற்றபோது சுருதி சேரவில்லை என்று பீப்ஸ் எரிந்துவிழ, அவர் அழுதுவிட்டார். இனி இப்படி மனசை உடைக்கக்கூடாது என்று பீப்ஸ் அன்று எழுதினார். அப்புறம் ஃபிளாஜியோலெட் என்ற சின்னக் குழல், அது வந்தது.

இதற்குள் பீப்ஸின் கண் கெட ஆரம்பித்திருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பல வருஷம் எழுதின வினை என்று அவர் நினைத்தார். புத்தகங்களை மற்றவர்கள் வாசித்துக்காட்டினார்கள், மனைவியும்தான். 1668 கிறிஸ்துமஸ் அன்று அவர் உட்கார்ந்து ஜூலியஸ் சீசர் வாழ்க்கையையும், டெகார்ட் சங்கீதத்தைப் பற்றி எழுதின புத்தகத்தையும் வேலைக்காரப் பையனை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். பக்கத்தில் எலிசபெத் ராத்திரி பத்துவரை பாவாடைக்குச் சரிகை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அமைதிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதையும் சொல்லிடணும். ரெண்டு மாசம் முன்னாடி, வீட்டில் வேலைக்கு இருந்த டெப் வில்லெட் என்ற சின்னப் பெண்ணிடம் பீப்ஸ் அத்துமீறினதை எலிசபெத் நேரில் பார்த்திருந்தார். அதற்கு முன்பும் வேறு பெண்களிடம் அவர் நடந்துகொண்டதை டைரியே சொல்கிறது. பதவியில் இருந்த ஆள், மறுக்க முடியாத இடத்தில் இருந்த பெண்கள். அதுக்கும் அவருக்கு நேரம் இருந்தது.

1669 மே 31-ஆம் தேதி, கண் போய்விடும் என்ற பயத்தில் டைரியை நிறுத்தினார். கண் போகவில்லை. இன்னும் 34 வருஷம் வாழ்ந்தார். ராயல் சொசைட்டியின் தலைவரானார். நியூட்டனின் 'பிரின்சிபியா' முதல் பதிப்பின் முகப்பில் அச்சிட அனுமதி தந்தவர் என்று இவர் பெயர்தான் இருக்கு. புத்தகங்களைச் சேர்த்தார். அலமாரியில் இடம் இருக்கிற அளவுக்குத்தான் புத்தகம், புதுசு வந்தால் பழசில் சுமாரானது வெளியே போகணும் என்று 1668-லேயே முடிவு பண்ணியிருந்தார். அந்த எல்லை கடைசியில் 3000-ல் போய் நின்றது. சின்னதிலிருந்து பெரியது வரை அளவுவாரியாக அடுக்கின அந்த நூலகம் அவர் சொன்னபடியே கேம்பிரிட்ஜ் மாட்லின் கல்லூரிக்குப் போனது, இன்னும் அங்கேதான் இருக்கு.

எலிசபெத் அந்த 1669 நவம்பரிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். வயசு 29. பீப்ஸ் வாய்ப்பாடு படிக்க ஆரம்பித்த அதே வயசு.

டைரி நூற்றைம்பது வருஷம் அலமாரியில் யாரும் படிக்காமல் கிடந்தது. 1819-ல் ஜான் ஸ்மித் என்ற மாணவர் உட்கார்ந்து மூணு வருஷம் அந்தச் சுருக்கெழுத்தை உடைத்தார். ஷெல்டன் என்பவரின் முறை அது. அதற்கான கையேடு பீப்ஸின் நூலகத்திலேயே ஓர் அலமாரியில் இருந்தது, அவருக்குத் தெரியாது. 1825-ல் ஒரு பகுதி முதல்முறையாக அச்சில் வந்தது.

எலிசபெத்தின் கடிதத்தைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அதில்தான் இருக்கு. ஆங்கிலத்தில் இருந்தது, கூர்மையாக இருந்தது, பெரும்பாலும் உண்மை. பொறுக்கி எடுத்த அந்தத் துண்டுகளைப் பீப்ஸ் பிறகு என்ன செய்தார் என்று அன்றைய குறிப்பு சொல்லவில்லை. மனசு கனத்தபடி ஆபீஸுக்குப் போனார் என்று மட்டும் எழுதியிருக்கு.